பந்தலில் எழுதிய பெயர்

சித்திரை வெயில் ஏறியதும் ஊர்தோறும் நீர்மோர்ப் பந்தல்கள் எழுகின்றன. கீற்றுக் கூரை, மண்பானை, தர்ப்பூசணித் துண்டுகள் ஆகிய அனைத்தினும் பெரிதாக நிற்பது, பந்தலைத் திறந்து வைத்தவரின் உருவப் பலகை. முதல் நாள் மேளமும் மாலையும் படக்கருவிகளும் கூடுகின்றன. பத்தாம் நாள் பானை வறண்டு கிடக்கிறது; பலகை மட்டும் வாடாமல் சிரிக்கிறது. கோயில் வாயிலில் பூக்கட்டும் மூதாட்டி, அப்பலகையின் நிழலில் அமர்ந்து தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறாள்.

திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரிலும் முன்னாளில் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அதை அமைத்தவர் அப்பூதி அடிகள். திருநாவுக்கரசரை அவர் நேரில் கண்டதில்லை. பெருமையைக் கேட்டே அன்பு பூண்டவர். பந்தலுக்கு மட்டுமின்றி, தாம் பெற்ற பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்த அளவைகளுக்கும்கூட அப்பெருமானின் பெயரையே சூட்டினார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் தம் பெயரைப் பந்தலெங்கும் கண்டு வியந்தார். அடிகளின் இல்லம் சென்று, சொந்தப் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதிய காரணத்தை வினவினார். வந்தவர் யாரென அறியாத அப்பூதியார் அக்கேள்விக்கே வெகுண்டார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கிறார்.

அப்பூதியார் தம் பொருளைச் செலவிட்டுப் பிறர் பெயரை எழுதினார். இன்றைய பொதுவாழ்வினர் பலர் பிறர் பொருளைச் செலவிட்டுத் தம் பெயரை எழுதுகின்றனர்.

2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, தன்னார்வலர்கள் திரட்டிய நிவாரணப் பொருள்களின்மீதும் அரசியல் தலைமையின் படம் ஒட்டப்படுவதாகப் புகார் எழுந்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டுமே இடம்பெறலாம் என வரையறுத்திருந்தது. மறு ஆண்டே முதலமைச்சர், அமைச்சர் ஆகியோரின் படங்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

படம் மட்டும் போயிற்றென்றால் பொறுத்துக்கொள்ளலாம், பொருளும் போகிறது. ஏழைகளுக்கென அரசு செலவிடும் ஒரு ரூபாயில் ஏறக்குறைய 15 காசுகளே அவர்களைச் சென்றடைவதாக, 1985-இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியே வெளிப்படையாகக் கூறினார். அந்த ரூபாய் எவருடையது? சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போதெல்லாம் பூக்கார மூதாட்டியும் வரி செலுத்துகிறாள். அவள் தந்ததில் ஒரு பகுதியை அவளுக்கே பிச்சைபோல் நீட்டி, அவள் கைகூப்புவதைப் படமெடுத்து, அப்படத்தை வாக்காகவும் செல்வாக்காகவும் மாற்றிக்கொள்கின்றனர். பசியைக் காட்டிலும் இந்த அவமதிப்பே அவளை மிகுதியாகச் சுடுகிறது.

தொண்டினால் அப்பூதியார் அடைந்த ஆதாயம் என்ன? நாவுக்கரசருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தான். அடியவரின் உணவு தடைப்படலாகாது என்று, பெற்றோர் அத்துயரையும் மறைத்து இலையிட்டனர். பின்னர் இறையருளால் பிள்ளை உயிர்பெற்று எழுந்தான் என்றாலும், இலையிட்ட அந்த வேளையில் அவ்வருளை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பும் இன்றளவும் அணையாமல் எரிகிறது. உண்ண வருவோரிடம் அது கேட்டறிவது பசியை மட்டுமே.

தலைவர்களை வெறுத்துப் பேசுவது எளிது. கோயிலுக்கு அளித்த குழல்விளக்கில் வெளிச்சம் மறையுமளவு உபயதாரர் பெயரை எழுதும் வழக்கம், பக்தர் குடும்பங்களிலும் இல்லாமலில்லை. பெயரின்மீது கொண்ட இந்த ஆசைதான் வளர்ந்து பெரும்பலகையாக நிற்கிறது. அதைத் தம்மிடத்தில் களைந்தவர்க்கே பிறரிடம் கணக்குக் கேட்கும் துணிவு வரும்.

இந்தக் கோடையில் கோயிலுக்குச் செல்லும் குடும்பத்தார் ஒரு குடம் தண்ணீரைப் பெயரெழுதாமல் வாயிலில் வைக்கட்டும். பத்தாம் நாளும் அது நிறைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு, பலகையில் சிரிப்பவரிடம் பானை ஏன் வறண்டது என்று தயங்காமல் கேட்கட்டும்.