துளைக்கருவி ஐவர் குழு: ஒரு பிழையான அளவுகோலுக்கு மறுப்பு

மேனாட்டுச் சாஸ்திரீய இசை பற்றிப் பேசுவோரிடையே நெடுங்காலமாக ஒரு கருத்து நிலவி வருகின்றது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ என அமையும் நரம்புக்கருவி நால்வர் குழுவே அறையிசையின் உயர்ந்த வடிவம் என்பதும், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினற், ஹோர்ன், பசூன் ஆகிய ஐந்தும் சேர்ந்த துளைக்கருவி ஐவர் குழு இரண்டாந்தரமானது என்பதுமே அக்கருத்தாகும். இதனை வற்புறுத்துவோர் மூன்று காரணங்களைக் காட்டுவர். பெரும் இசைமேதைகள் இவ்வடிவத்திற்கு எழுதவில்லை. ஐந்து கருவிகளின் ஒலியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இதற்கென எழுந்த படைப்புகள் சிலவே, அவையும் இலேசானவை. இம்மூன்றும் ஆராயாது ஒப்புக்கொள்ளப்பட்டு வந்தவை என்பதையும், இவற்றின் அடியில் கிடக்கும் அளவுகோலே பிழையானது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது காரணத்தை நோக்குவோம். மொசார்ட், பீத்தோவன், ஷூபேர்ட், பிராம்ஸ் ஆகியோர் இந்த ஐந்து கருவிகளுக்கு மாத்திரமென எதனையும் எழுதவில்லை என்பது மெய்யே. ஆனால் அவர்கள் ஏன் எழுதவில்லை என்ற வினாவை எழுப்பாது, எழுதாமையையே தீர்ப்பாகக் கொள்வது வரலாற்று நோக்கு ஆகாது. வயலின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கு முன்னரே முழுமை பெற்றுவிட்ட கருவி. துளைக்கருவிகளின் நிலை அதுவன்று. மொசார்ட் காலத்து ஹோர்னில் வால்வுகள் இல்லை. இயல்பாக எழும் சில சுரங்களைத் தவிர ஏனையவற்றைக் கலைஞன் தன் கையை அதன் வாயினுள் செலுத்தியே உருவாக்க வேண்டியிருந்தது. வால்வுக்கான உரிமைப் பதிவு 1818இலேயே நிகழ்ந்தது. தியோபால்ட் போம் புல்லாங்குழலைத் திருத்தியமைத்தது 1832இலும் 1847இலுமாகும். கருவி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கெனப் பேரிலக்கியம் எழவில்லையே என்று குறைகூறுவது, விதைக்கும் பருவத்தில் அறுவடையைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

இத்தகைய சூழலிலும் இவ்வடிவத்தை நிலைநிறுத்திய ஒருவர் இருந்தார். அவர் 1770இல் பிராக் நகரில் பிறந்த அன்ரன் றைக்கா. பீத்தோவன் பிறந்த ஆண்டும் அதுவே. இருவரும் இளமையில் பொன் நகர அரசவை வாத்தியக் குழுவில் ஒன்றாகப் பணிபுரிந்த நண்பர்கள். றைக்கா பின்னர் பாரிஸில் வாழ்ந்து, 1820 வரையிலான ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் இருபத்துநான்கு ஐவர் இசைப் படைப்புகளை எழுதினார். துளைக்கருவிகளுக்கு நல்ல இசை இல்லாமைக்குக் காரணம், இயற்றுவோர் அக்கருவிகளின் நுட்பத்தை அறியாமையே என்று அவர் கருதினார். அவரது முதல் முயற்சி தோல்வியுற்றது. அதன் பின்னரே இக்கருவிகளுக்குத் தனியானதோர் எழுத்துமுறை வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். எனவே குற்றம் கருவியினுடையதன்று, அதனை அறியாது எழுதியோருடையது என்பது அன்றே உணரப்பட்ட உண்மையாகும்.

றைக்காவை நினைவு கூர்வோரும் அவர் யாருக்காக எழுதினார் என்பதை மறந்துவிடுகின்றனர். குயோ, வோக்ற், பூஃபில், டோப்ரா, ஒன்றி என்ற ஐந்து கலைஞர்கள் பாரிஸில் அவற்றை வாசித்துக் காட்டினர். வால்வற்ற ஹோர்னில் பெருந் திறன் பெற்றிருந்த டோப்ரா, 1824இல் அக்கருவிக்கென விரிவான பயிற்சி நூலொன்றையும் வெளியிட்டவர். இத்தகையோரின் மூச்சும் விரலும் இன்றேல் அந்த இருபத்துநான்கும் வெறுங் காகிதமாகவே இருந்திருக்கும். இயற்றியவன் பெயரை மாத்திரம் பொறித்துவைத்து, ஒலியாக்கியவனை மறக்கும் வரலாறு அரைகுறை வரலாறே.

இனி இரண்டாவது காரணம். ஐந்து ஒலிகளும் கலப்பதில்லை என்பர். உண்மைதான், அவை கலப்பதற்கென அமைந்தவை அல்ல. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் மோதும் காற்றே ஒலியாகின்றது. ஓபோவும் பசூனும் நமது நாதசுரத்தைப் போன்று இரட்டை நாணலால் ஒலிப்பவை. கிளாரினற்றுக்கு ஒற்றை நாணல். ஹோர்னிலோ நாணலே இல்லை. கலைஞனின் உதடுகளே அதிர்கின்றன. நால்வர் குழுவின் கருவிகள் ஒரு குடும்பத்தின் உடன்பிறப்புகள். ஐவர் குழுவோ வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் கூடிய சபை. உடன்பிறப்புகளின் குரல் ஒத்திருப்பது இயற்கை, அதில் வியப்பில்லை. வேறுபட்ட குரலுடையோர் தத்தம் குரலை இழக்காது ஒரு கருத்தை வளர்த்துச் செல்வதன்றோ அரிய செயல்? ஒருமை என்பதை ஒருதன்மை என்று மயங்கியதே இவ்விமர்சகர்கள் செய்த அடிப்படைத் தவறாகும்.

இதற்குத் தக்க சான்று டென்மார்க்கின் கார்ல் நீல்சன் 1922இல் இயற்றிய படைப்பு. 1921ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நண்பர் ஒருவருடன் தொலைபேசியிற் பேசியபோது, கொப்பன்ஹேகன் துளைக்கருவிக் குழுவினர் அங்கு மொசார்ட்டின் படைப்பொன்றைப் பயின்றுகொண்டிருந்த ஓசை அவர் காதில் விழுந்தது. அவர் அங்கு சென்று கேட்டார். அதன் விளைவே இப்படைப்பு. கருவிகளின் பொதுத் தன்மைக்கு மாத்திரமன்றி, வாசிக்கவிருந்த ஐவரின் இயல்புக்கும் ஏற்ப அவர் எழுதினார். இறுதிப் பகுதியில், தாமே இயற்றிய பக்திப் பாடலொன்றின் மெட்டை அவர் பலவாறு மாற்றி வளர்க்கின்றார். அங்கே கிளாரினற் சினந்து சீறுகின்றது, பசூன் முறையிடுகின்றது, ஹோர்ன் தனித்து நின்று பேசுகின்றது. ஈற்றில் அதே மெட்டை ஐந்தும் ஒன்றாக இசைக்கும்போது நாம் கேட்பது, சச்சரவிட்டுத் தெளிந்தோரின் உடன்பாடு. குரல் ஒத்த கருவிகளால் இந்த உடன்பாட்டுக்கு இத்துணை விலை கொடுத்திருக்க முடியாது. அந்த ஐவருக்கும் ஆளுக்கொரு கொன்சேர்ட்டோ எழுத அவர் எண்ணியிருந்தார். புல்லாங்குழலுக்கு 1926இலும் கிளாரினற்றுக்கு 1928இலும் எழுதி முடித்தார். 1931இல் மரணம் குறுக்கிட்டது.

மூன்றாவது காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இவ்வடிவத்திற்கு எழுதப்பட்டவற்றுட் பல பொழுதுபோக்கு இசையே. அதனை மறைப்பதாற் பயனில்லை. ஆயினும் இலேசானவை என்ற சொல்லை இவ்வடிவம் முழுமைக்கும் ஏற்றுவோர், ஆர்னோல்ட் ஷோன்பேர்க்கின் 26ஆம் இலக்கப் படைப்பை என்ன செய்வர்? ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீளும் அது, பன்னிரு சுர முறையில் எழுந்த முதற் பெரும் படைப்புகளுள் ஒன்று. 1924 செப்டெம்பர் 13ஆந் திகதி, அவரது ஐம்பதாவது பிறந்த நாளன்று, வியன்னாவில் அது அரங்கேறியபோது, ஐவரே வாசிக்கும் இசைக்கும் நெறிப்படுத்துநர் ஒருவர் தேவைப்பட்டார். ஹங்கேரியில் ஜோர்ஜி லிகெற்றி 1953இல் அமைத்த ஆறு சிறு படைப்புகளுள் ஐந்து மாத்திரமே 1956இல் புடாபெஸ்ற்றில் வாசிக்கப்பட்டன. ஆறாவதன் முரண் சுரங்களை அன்றைய கலாசார அதிகாரம் பொறுக்கவில்லை. ஆறும் ஒருங்கே ஒலிக்க 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிகாரத்தை அஞ்சவைத்த இசையை இலேசானது என்பது எவ்வகை விமர்சனமோ?

படைப்புகள் சிலவே என்பதும் ஒரு நச்சு வட்டத்தின் விளைவு. கச்சேரி அமைப்பாளர் இடம் கொடாமையால் இயற்றுவோர் எழுதுவதில்லை. எழுதாமையால் இடம் கிடைப்பதில்லை. இவ்வட்டத்தை முறித்தோருள் முன்னின்றவர்கள் வாசிக்கும் கலைஞர்களே. 1879இல் பாரிஸில் துளைக்கருவி அறையிசைக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்த போல் தஃபனல் ஒரு புல்லாங்குழற் கலைஞர். 1997இல் அமெரிக்காவில் இமானி விண்ட்ஸ் என்ற குழுவைத் தோற்றுவித்த வலெரி கோல்மனும் புல்லாங்குழற் கலைஞரே. தம் குழுவுக்குத் தாமே படைப்புகளும் இயற்றியவர்.

இவ்வடிவத்திற்காகப் பரிந்து பேசுவோருக்கும் ஒன்று கூற வேண்டியுளது. ஐவர் குழு நால்வர் குழுவுக்கு நிகரானது என்று வாதாடுவதும் அந்தப் பழைய அளவுகோலுக்கே தலைவணங்குவதாகும். வில்லை இடையறாது இழுப்பவனுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு ஊதுபவனுக்கு உண்டு: அவன் மூச்செடுத்தாக வேண்டும். அவனுக்காக எழுதுபவன் மூச்சையும் எண்ணியே எழுத வேண்டும். உடனிருப்போர் அம்மூச்சைக் கவனித்தே வாசிக்க வேண்டும். பெரும் வாத்தியக் குழுவில் வயலின் அணிகளின் பின்னே அமர்ந்து, தம் முறை வரும்வரை அளவுகளை எண்ணிக்கொண்டிருப்போர், இங்கு நெறிப்படுத்துநரின் கோல் இன்றி, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கின்றனர்.

கலைவடிவம் ஒவ்வொன்றும் தனக்குரிய அளவுகோலைத் தன்னகத்தே கொண்டது. அதனைத் தேடிக் கண்டறிவதே விமர்சகனின் கடமை. ஒத்த குரல்களின் இனிமையை மறுப்பார் இல்லை. ஆனால் ஒவ்வாக் குரல்கள் தம் தன்மை குன்றாது ஒரு பொருளில் இசைவதும் இசைவே எனக் கேட்கத் தெரியாத செவியைத் தேர்ந்த செவி எனக் கொள்வதற்கில்லை.