வங்கிக் கணக்கைப் பார்த்தா வருகிறது மனச்சோர்வு?

“காசும் புகழும் கொட்டிக் கிடக்கிறவருக்கு என்ன மனச்சோர்வு? எல்லாம் விளம்பரம்” என்கிற வாதம் டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை கேட்கிறது. சர்க்கரை நோய் வந்த கோடீஸ்வரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

மார்கஸ் டிரஸ்கோதிக்கை எடுத்துக்கொள்வோம். 76 டெஸ்ட், 14 சதம், 2005இல் ஆஷஸ் வென்ற இங்கிலாந்து அணியின் தொடக்க ஆட்டக்காரர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இந்தியா வந்தவர், வதோதராவில் பயிற்சி ஆட்டத்தின்போது உடைந்துபோய் ஊர் திரும்பினார். வெளியே சொன்ன காரணம் வேறு: வைரஸ் காய்ச்சல் மாதிரி ஏதோ. விளம்பரம் தேடுகிறவர் செய்கிற காரியமா இது? நோயைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பாதியில் திரும்பினார். 2008இல்தான் சுயசரிதையில் எல்லாவற்றையும் எழுதினார்.

நடிகை தீபிகா படுகோன் கதையும் ஏறக்குறைய இதுதான். 2013இல் வரிசையாக வெற்றிப் படங்கள். 2014 தொடக்கத்தில் நோய். கண்டுபிடித்தது ரசிகர்களல்ல, அவருடைய அம்மா.

பணத்தால் ஒன்றும் ஆகாது என்பதல்ல. நல்ல மருத்துவர் கிடைப்பார், வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கும். வறுமை இந்த நோய்க்கு வழிவகுக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் மரபும் மூளையும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபின் டிரஸ்கோதிக் இங்கிலாந்துக்கு ஆடவில்லை. சாமர்செட் கவுண்டி அணிக்கு மட்டும் 2019 வரை ஆடினார், 43 வயதில் ஓய்வு பெற்றார்.