கொட்டகையை வீடாக்குவோர் கவனத்திற்கு

பாகப்பிரிவினையாலும் குடும்பப் பெருக்கத்தாலும், வயலோரத்து மாட்டுக் கொட்டகையையோ பம்புசெட் அறையையோ வாசஸ்தலமாக மாற்றிக்கொள்ளும் குடியானவர்கள் பலர். சுவர் எழுப்பிக் கதவு வைத்து அடுப்பு மூட்டிவிட்டால் வீடாயிற்று என்று அவர்கள் எண்ணுகின்றனர். சட்டப்படி அது இன்னும் கொட்டகையே.

முதலாவது, நிலத்தின் உபயோகம். விவசாய நிலத்தை வேறு காரியத்திற்கு மாற்றுவதை 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும் 2017ஆம் வருஷத்து விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. பட்டா தம் பெயரில் இருப்பது மாத்திரம் போதாது.

இரண்டாவது, கட்டிட அனுமதி. வரைபடத்துடன் ஊராட்சியில் விண்ணப்பித்து இதனைப் பெறவேண்டும். வீட்டுவரி ரசீதையே அனுமதியெனக் கொள்வது தவறு. வரி செலுத்தியதற்கு அது சாட்சி; கட்டிடம் முறையானது என்பதற்கன்று. வீட்டுக்கடன் நாடும்போது வங்கி கேட்பது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையே.

மூன்றாவது, மின்சாரம். பம்புசெட்டுக்குரிய இலவச மின்சாரத்தால் குடும்பம் நடத்துவது, 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விதிக்கப்படும். வீட்டிற்குத் தனி இணைப்பே ஏற்றது.

இவ்விதிகள் வீண் தொல்லையென்பாருக்கு ஒரு வார்த்தை. கொட்டகை மனிதர் வாழக் கட்டப்பட்டதன்று. ஓரறை வீடாயினும் அவ்வறை 9.5 சதுர மீட்டருக்கும், அதன் உயரம் 2.75 மீட்டருக்கும் குறையலாகாதென்பது 2016ஆம் வருஷத்து தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் அளவு. காற்றோட்டமற்ற தகரக் கூரையின்கீழ் அடுப்புப் புகையில் உழல்வோர் பெண்டிரும் குழந்தைகளுமே. பூச்சிமருந்து டப்பாக்கள் அடுக்கியிருந்த மூலையில் தொட்டில் கட்டுதல் தகுமா?

எனினும், குறை முழுவதும் குடியானவருடையதன்று. 2024ஆம் வருஷம் ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் இணையவழியே அனுமதி கிடைக்கிறது. மனை வாங்கியவருக்குள்ள இவ்வசதி, வயல் நடுவேயுள்ள கொட்டகைக்குத் தானே வந்துவிடுவதில்லை. ஊராட்சி, ஊரமைப்பு அலுவலகம், மின்வாரியம் என மூன்று வாயில்களில் காத்திருப்பவன் மூன்று நாட்கூலியை இழக்கிறான். அனுமதியின்றிக் குடியேற அவனைத் தூண்டுவது இதுவே. சிறு விவசாயியின் சிறு வீட்டிற்கு ஒரே விண்ணப்பமும் ஒரே பார்வையிடலும் போதுமென ஏற்படுத்துதல் சர்க்காரின் கடமை என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை, செங்கல் வாங்குமுன் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தறிவதே விவேகம்.