செய்திக்குறிப்பு எழுதுகிற கை

எங்கள் வங்கிக் கிளைக்கு வெள்ளிவிழா நடந்தது. மறுநாள் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி. மேடையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரின் பெயரும் பட்டம் பதவியோடு வந்திருந்தது. கிளை திறந்த நாளிலிருந்து தரை பெருக்கி, தண்ணீர் பிடித்து வைக்கிற அம்மாவின் பெயர் இல்லை. பேப்பர்காரனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கையில் கொடுத்த செய்திக்குறிப்பை அவன் அப்படியே போட்டான். குறிப்பை எழுதினது எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர். "நீதான் கவிதையெல்லாம் எழுதுவியே, ஒரு பார்வை பார்த்துக் கொடுப்பா" என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரி சேர்த்திருப்பேன்.

அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டு நாசாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நிலவுக்கு ஆள் அனுப்பிய விஞ்ஞானிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் தேடியது, அந்தப் பயணத்தை உலகத்துக்குச் சொன்ன பத்திரிகைத் தொடர்பு அலுவலகத்தை. அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள்? எங்கிருந்து வந்தார்கள்?

முதலில் ஜான் 'ஷார்ட்டி' பவர்ஸ். விமானப்படை அதிகாரி. 1961 ஏப்ரல் 12 அன்று சோவியத்தின் ககாரின் விண்வெளிக்குப் போனபோது, விடியாத நேரத்தில் ஒரு நிருபர் இவருக்கு ஃபோன் போட்டார். 'நாங்களெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம்' என்று எரிந்து விழுந்தார் பவர்ஸ். அமெரிக்காவே தூங்குகிறது என்று செய்தி போட்டுவிட்டார்கள். ஒரு தேசத்தின் மானம் பத்திரிகை அதிகாரியின் தூக்கக் கலக்கத்தில் போனது. அந்த நாற்காலி அவ்வளவு பெரிசு.

அடுத்து ஜூலியன் ஷீர். வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்தவர். அப்போலோ காலத்தின் பெரும்பகுதியில் நாசாவின் மக்கள் தொடர்புத் துறைக்கு இவர்தான் தலைவர். 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11 கிளம்பும்போது எண்ணிக்கையைச் சொன்ன குரல் ஜாக் கிங்குடையது. அவர் அசோசியேட்டட் பிரஸ் நிருபர். அதற்கு முந்தைய பயணங்களில் ஹூஸ்டனிலிருந்து பேசிய பால் ஹேனி வாஷிங்டன் பத்திரிகைக்காரர்.

பத்திரிகையிலிருந்து வந்த இந்த மூவரும் ராக்கெட் படித்துவிட்டு வரவில்லை. வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டார்கள். குறை சொல்லவில்லை. நன்றாகவே செய்தார்கள். எடை கூடும் என்று பொறியாளர்கள் முனகியபோது, நிலவுக்கு டிவி கேமரா போயே ஆகவேண்டும் என்று மல்லுக்கு நின்றவர்களில் ஷீர் முக்கியமானவர். கோடிக்கணக்கான ஜனங்கள் அந்தக் காலடியைப் பார்த்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் இவர்களை அனுப்பி வைத்த நிருபர் அறை எப்படிப்பட்டது? 1950களில் தென்மாநிலப் பத்திரிகை அலுவலகங்களில் கறுப்பர் ஒருவர் நிருபராக நுழைவது அபூர்வம். நாசா அந்த அறைகளிலிருந்து ஆள் எடுத்தது. அறையின் நிறம் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. 'கறுப்பரைச் சேர்க்காதே' என்று தனியாக ஆணை போட வேண்டிய அவசியமே இல்லை. உலகம் கேட்ட அப்போலோக் குரல்கள் வெள்ளை ஆண்களின் குரல்கள்.

அதனால் எந்த வரி விடுபட்டது என்று பார்ப்போம். வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கறுப்புப் பெண்கள் கணக்குப் போட்டார்கள். தனி அறை, சாப்பாட்டுக்கூடத்தில் தனி மேசை, அதன்மேல் பெயர்ப்பலகை. தனிக் குவளை பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே 1953இல் சேர்ந்தவர் கேத்தரின் ஜான்சன். 1962இல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், இயந்திரம் போட்ட கணக்கை ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். இந்தக் கதையை உலகம் பரவலாகத் தெரிந்துகொண்டது 2016இல், மார்கோ லீ ஷெட்டர்லியின் புத்தகமும் அதையொட்டிய சினிமாவும் வந்த பிறகு. ஜான்சனுக்கு அப்போது வயது 98.

ஐம்பது வருசம் யாருக்கும் தெரியாதா? தெரியும். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகை 1962லேயே இவரைப் பற்றி எழுதிவிட்டது. கறுப்பர் நடத்தியதால் அந்த வரி அங்கே இருந்தது. அதை எடுத்துப் பெரிய பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் கைதான் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவற்றில் வந்த செய்திகளும் இப்படித்தான் நூறு வருசம் கிடந்தன.

இன்னொரு காட்சி. அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், 1969 ஜூலை 15. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின் அவர் இயக்கத்தைத் தலைமையேற்று நடத்திய ரால்ஃப் அபெர்னதி, ஏழைக் குடும்பங்களோடு, கோவேறு கழுதை பூட்டிய வண்டியோடு ஏவுதளத்துக்கு வந்தார். இங்கே குழந்தைகள் பட்டினி கிடக்க நிலவுக்கு இவ்வளவு செலவா என்பது அவர் கேள்வி. நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து பேசினார். ராக்கெட்டை நிறுத்தினால் வறுமை தீருமென்றால் நிறுத்திவிடுவோம் என்ற பொருளில் பதில் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், சில குடும்பங்கள் ஏவுதலைப் பார்க்க அனுமதியும் கொடுத்தார். அவரோடு கூட வந்தவர் யார் தெரியுமா? ஜூலியன் ஷீர். பசியைப் பற்றிப் பேச வந்தவர்களைச் சந்திக்கப் பத்திரிகை அதிகாரியோடு வந்தார்கள். நம்முடைய பசி அவர்களுக்குச் செய்திப் பிரச்சினை.

உள்ளே இருந்துகொண்டு எழுதியவருக்கு என்ன கிடைத்தது? ரூத் பேட்ஸ் ஹாரிஸ் நாசாவில் மிக உயர்ந்த பதவியிலிருந்த கறுப்புப் பெண். 1973இல் இவரும் சகாக்கள் இருவரும் சேர்ந்து, நாசாவில் சம வாய்ப்பு என்பது வெறும் பேச்சு என்று அறிக்கை எழுதினார்கள். நாசா இதுவரை விண்வெளிக்கு அனுப்பிய பெண்பால் உயிர்கள் இரண்டு சிலந்தி, ஒரு குரங்கு என்று அதில் கணக்குச் சொல்லியிருந்தது. ஹாரிஸை வேலையை விட்டு நீக்கினார்கள். கூச்சல் எழுந்தது, அடுத்த வருசம் வேறு பதவியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

1977இல் நாசா, நிச்செல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பு நடிகையைக் கூப்பிட்டு விளம்பரம் செய்யச் சொன்னது. 'வாங்க, விண்ணப்பம் போடுங்க' என்று அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பர். தகுதி உள்ளவர்கள் ஒரே வருசத்தில் முளைத்துவிட்டார்களா? கூப்பிடுகிற முகம் மாறியதும் வந்தார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். நாசா செய்த மாதிரி இங்கேயும் நிருபர் அறையிலிருந்து ஆளெடுத்தால் யார் வருவார்கள்? 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அங்கீகரித்த 686 நிருபர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். 454 பேருக்கு மேல்சாதிப் பெயர். மீதிப் பேரில் 47 பேரை விசாரித்தார். ஒருவர்கூட தலித் இல்லை.

தோழர்களே, படிக்கிற பிள்ளைகளே, டாக்டருக்குப் படியுங்கள், எஞ்சினியருக்குப் படியுங்கள். ஆய்வுக்கூடத்துக்குள் போங்கள். ஆனால் உள்ளே போன முதல் நாளே ஒன்று விசாரியுங்கள்: இங்கே செய்திக்குறிப்பு எழுதுவது யாரு, எந்தத் தெருவிலிருந்து வந்தவரு? 'தகுதியான ஆள் கிடைக்கலப்பா' என்று யாராவது சொன்னால் ராக்கெட் படிக்காத ஜாக் கிங்கைச் சொல்லுங்கள். கணக்குப் போடுவது ஒரு வேலை. கணக்குப் போட்டது யார் என்று எழுதி வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை விட்டுக்கொடுத்தால் முதலாவதும் நம்முடையதாக நிற்காது.

எங்கள் கிளை அம்மாவின் பெயரை இந்தக் கட்டுரையிலாவது போட்டுவிட ஆசை. அவரைக் கேட்காமல் போடுவது முறையில்லை. நாளைக்கு டீ நேரத்தில் கேட்கப்போகிறேன்.