கட்டை கேமுக்குப் பெயர் என்ன?

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சின்ன வயசில் விளையாடிய ஏதோ ஒரு கேம். நிறம் ஞாபகம் இருக்கு, சத்தம் ஞாபகம் இருக்கு, பெயர் மட்டும் வராது. எனக்கு அது ‘கட்டை கேம்’. ஒரு நீளக் கட்டையை உருட்டிக்கொண்டு போய், சதுரக் குழிக்குள் நிமிர்த்தி விழுத்த வேண்டும். ஓரம் தப்பினால் கட்டை பாதாளத்துக்குப் போய்விடும்.

சனிக்கிழமை டியூசன் முடிந்ததும் நானும் பெரியம்மா மகன் அண்ணனும் ஹட்டன் டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடைக்கு ஓடுவோம். பஸ் காசில் மிச்சம் பிடித்தால் அரை மணித்தியாலம் கிடைக்கும். எங்கள் லயத்தில் யார் வீட்டிலும் கம்பியூட்டர் இல்லை. அண்ணன் கீ அடிப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் திரையில் வரும் ஆறு இலக்க எண்ணை நான் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். அடுத்த கிழமை அந்த எண்ணைப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓ.எல். எழுதிவிட்டு அண்ணன் கொழும்பில் கடை வேலைக்குப் போனார். கட்டையும் அங்கேயே நின்றுவிட்டது.

போன லீவில் திடீரென்று தேடத் தொடங்கினேன். தமிழில் ‘கட்டை உருட்டும் கேம்’ என்று போட்டேன், ஒன்றுமே வரவில்லை. ஆங்கிலத்தில் போட்டால் டெட்ரிஸ் வருது. ஹொஸ்டல் பிள்ளைகளிடம் கேட்டேன். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், எதுவும் அது இல்லை. கடைசியில் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் அந்தக் கொப்பி கிடைத்தது. ஒரு எண்ணை அப்படியே தேடினேன். வந்துவிட்டது: புளொக்ஸோர்ஸ். 2007இல் டேமியன் கிளார்க் என்பவர் உருவாக்கியது. மொத்தம் 33 கட்டம். எங்கள் கொப்பியில் இருப்பது 17 வரை.

இப்படியான கேம்கள் பெரும்பாலும் ஃபிளாஷில் செய்தவை. 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12இலிருந்து அந்தப் பிளேயரே எதையும் ஓடவிடவில்லை. நல்ல வேளை, ஃபிளாஷ்பொயின்ட் என்ற குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவும் 2020 நவம்பரில் ரஃபிள் என்ற மென்பொருள் மூலம் பழைய ஃபிளாஷ் ஆக்கங்களை ஓடவைத்தது.

ஆக, கேமை யாரோ காப்பாற்றிவிட்டார்கள். அதை நாங்கள் எப்படி விளையாடினோம் என்பதை யார் காப்பாற்றுவது? பெயர் தெரிந்தவனுக்குத்தான் தேடல் பதில் சொல்லும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வயசில், நாங்களே ஒரு பெயர் வைத்து விளையாடிய பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெயர் எந்தச் சேமிப்பிலும் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு கம்பியூட்டர் ஞாபகம் வைத்தது. எங்களுக்குக் கொப்பி ஞாபகம் வைத்தது.

‘ஒரு கேமுக்கா இவ்வளவு?’ என்று கேட்பீர்கள். 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். லயம், சம்பளம், காணி எல்லாம் பேசினோம், இன்னும் பேசத்தான் வேணும். ஆனால் அரை மணித்தியாலத்துக்குக் காசு சேர்த்த சந்தோசமும் இந்த மலையில் நடந்ததுதானே? கஷ்டத்தை மட்டும் எழுதி வைத்தால், நாளைக்கு வாசிக்கிறவர்கள் நாங்கள் சிரிக்கவே இல்லை என்று நினைப்பார்கள். அதனால் ஞாபகம் இருப்பதைத் தமிழில் எழுதுங்கள். எந்த டவுன், எந்த வருசம், யாரோடு, நீங்கள் வைத்த பெயர் என்ன. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொருத்தர் தேடும்போது அதாவது அகப்படும்.

கண்டுபிடித்த அன்றே அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். கடையில் நிற்கிறார், பின்னால் ஒரே சத்தம். புளொக்ஸோர்ஸ் என்றதும் விளங்கவில்லை. “கட்டை கேம் அண்ணே” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “பாதிதானே வந்திருக்கோம். தீவாளிக்கு வாறேன், கொப்பியத் தொலைச்சிராத” என்றார்.