பட்டியலில் பிறந்த லீக்

2023 மே 27ஆம் திகதி இரவு கிழக்குக் கரையில் மருதமுனை முதல் பொத்துவில் வரை நமது இளைஞர்கள் பலர் கண்விழித்திருந்தார்கள். தரமுயர்வின் கடைசி இடத்துக்கான பிளே ஓஃப் இறுதிப் போட்டியில், வெம்ப்ளியில் கொவென்ட்ரி சிட்டியைப் பெனால்டி உதைகளில் 6-5 என்று வென்ற லூட்டன் டவுன், இங்கிலாந்தின் பிரிமியர் லீக்குக்குத் தரமுயர்ந்தது. 30 புள்ளிகள் வெட்டப்பட்டு 2009இல் தொழில்முறை லீக்கை விட்டே வெளியேறிய கழகம் அது. 2014 வரை ஐந்தாம் தரத்தில் கிடந்து, ஒன்பதே வருடங்களில் உச்சிக்கு வந்தது. வாழ்த்தினோம். ஆனால் வாழ்த்தி முடிப்பதற்குள் 2021ஆம் ஆண்டின் அந்தப் பட்டியல் கண்முன்னே வந்து நின்றது.

வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுப்பர் லீக் என்ற பெயரில் இலங்கை உதைபந்தாட்டத்தின் உச்சப் பிரிவைப் புதிதாக அமைத்தபோது பத்துக் கழகங்கள் எடுக்கப்பட்டன. இராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒவ்வொன்று. கொழும்பு எப்.சி., ரினோன், ரட்னம் எனக் கொழும்புக்கு மூன்று. களுத்துறை மாவட்டத்துக்கு புளூ ஸ்டார், ரெட் ஸ்டார்ஸ் என இரண்டு. வென்னப்புவயின் நியூ யங்ஸ், நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். அத்தோடு கணக்கு முடிந்துவிட்டது. வடக்கிலிருந்து ஒன்றுமில்லை. கிழக்கிலிருந்து ஒன்றுமில்லை.

அந்தப் பத்துக் கழகங்களோடு நமக்கு எந்த வழக்கும் கிடையாது. களுத்துறைப் பிள்ளைகளும் நாவலப்பிட்டிப் பிள்ளைகளும் வியர்வை சிந்தி வந்தவர்கள்தான். முதற் பருவத்தில் சம்பியனான புளூ ஸ்டார் பாராட்டுக்குரிய அணி. நமது வழக்கு பட்டியல் எழுதியவர்களோடு. கலியாண வீட்டுக்கு ஆட்களுக்குச் சொல்லியனுப்புவதைப் போல உச்சப் பிரிவுக்கும் சொல்லியனுப்பினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களின் சிறந்த அணிகளை ஒரு மைதானத்தில் இறக்கி, வென்றவனுக்கு ஓர் இடம் என்று அறிவிக்க எத்தனை நாள் எடுத்திருக்கும்? இரண்டு வாரம் போதும். அந்த இரண்டு வாரம் யாருக்கும் கிடைக்கவில்லை.

தோற்றிருந்தால் தோற்றிருப்போம். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அணிக்கு அடுத்த வருடம் எங்கே திருத்தவேண்டும் என்று தெரியும். பட்டியலில் பெயர் இல்லாத அணிக்கு எதைத் திருத்துவது என்றே தெரியாது. பயிற்றுவிப்பாளரை மாற்றுவதா, முன்கள வீரரைத் தேடுவதா, அல்லது கொழும்பில் தெரிந்த ஆளைப் பிடிப்பதா? மூன்றாவதுதான் பலிக்கும் என்று ஒரு பதினாறு வயதுப் பையன் நினைத்துவிட்டால் அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. சாய்ந்தமருதுவிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அஸர் தொழுகை முடிந்து மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளிடம், நன்றாக விளையாடினால் எதுவரை போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். மாவட்டம் என்பார்கள். மிஞ்சிப்போனால் பாடசாலை தேசிய மட்டம். அதற்குப் பிறகு கட்டார், டுபாய். விளையாடுவதற்கல்ல, வேலைக்கு.

நமது பக்கமும் சுத்தமில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. ஊருக்கு நாலு கழகம், கழகத்துக்கு இரண்டு கோஷ்டி, பெருநாள் கிண்ணத்துக்கே மத்தியஸ்தரோடு மல்லுக்கட்டு. இதை இன்னொரு நாள் எழுதுவோம்.

மைதானம் இல்லை, காரியாலயம் இல்லை, கணக்கறிக்கை இல்லை, உரிமம் பெற்ற பயிற்றுவிப்பாளர் இல்லை. இவற்றையெல்லாம் பார்த்துத்தானே உச்சப் பிரிவில் சேர்க்கமுடியும் என்று ஒரு நியாயம் எப்போதும் தயாராக இருக்கும். இதற்குப் பதில் லூட்டனில் இருக்கிறது. அவர்களுடைய கெனில்வர்த் ரோட் மைதானம் அப்போது பதினாயிரம் சொச்சம் பேருக்கு மேல் கொள்ளாததாக இருந்தது. எதிரணி இரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் வாசலால் நுழைந்து, யாரோ ஒருவருடைய பின்முற்றத்துக்கு மேலாகப் படியேறித்தான் உள்ளே போகவேண்டும். பிரிமியர் லீக்கின் நிபந்தனைகளுக்கு அந்த மைதானம் பொருந்தாது என்பது இறுதிப் போட்டிக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்காக அவர்களை விளையாடவேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. முதலில் வென்றார்கள். பிறகுதான் ஒரு பக்கத்துப் பார்வையாளர் அரங்கைத் திருத்திக் கட்ட ஏறத்தாழ ஒரு கோடி பவுணை ஒதுக்கி வேலை பார்த்தார்கள். வென்ற பிறகு மைதானம் வரும். நமக்கு மட்டும் மைதானம் வந்த பிறகே வெல்ல அனுமதியாம். மைதானத்தைத் தரவேண்டியவர்களும் அனுமதியைத் தரவேண்டியவர்களும் ஒரே விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

இங்கிலாந்துக்காரர் பிளே ஓஃப் முறையை 1987இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். பருவம் முழுவதும் ஆடி மூன்றாம் இடத்தில் நிற்கும் அணி இறுதிப் போட்டியில் தனக்குக் கீழே முடித்த அணியிடம் தோற்று ஏமாறக்கூடும். அது கொடுமைதான், அங்கேயும் அதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. ஆனால் அந்தக் கொடுமை மைதானத்தில், எண்பத்தையாயிரம் பேர் பார்த்திருக்க நடக்கிறது. நமது கொடுமை மூடிய அறைக்குள், தேநீர் வேளைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சரி, பட்டியல் எழுதியவர்களின் மற்றைய சாதனைகளையும் பார்ப்போம். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியச் சம்பியனான நாடு இது. 2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாணின் முதற் சுற்றில் மக்காவுவிடம் போய் 1-0 என்று தோற்றுவந்தோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மறுபோட்டிக்கு இங்கே வர மக்காவு அணி மறுத்ததால், பந்தை உதைக்காமலேயே அடுத்த சுற்றுக்குப் போனோம். அந்தச் சுற்றில் தென்கொரியா எட்டுக் கோல் போட்டது. 2021 நவம்பரில் அப்போதைய பிரதமரின் பெயரால் நான்கு நாடுகள் கிண்ணம் ஒன்றைக் கொழும்பில் நடத்தி, இறுதிப் போட்டியில் சீசெல்ஸிடம் பெனால்டியில் தோற்றோம். அந்த நாட்டின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். கல்முனை மாநகர எல்லைக்குள்ளேயே கிட்டத்தட்ட அத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரு இலட்சம் பேருக்குள் தேடி ஓர் அணியை எடுத்தவர்கள் கிண்ணத்தோடு போனார்கள். இரண்டு மாகாணங்களை எட்டிப் பார்க்காதவர்கள் கைதட்டிக்கொண்டு நின்றார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல் 2023 ஜனவரி 21ஆம் திகதி பீபாவின் தடை விழுந்தது. உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தல் யார் சொற்படி நடக்கவேண்டும், நாற்காலி யாருக்கு என்ற சண்டையில் நாடே மைதானத்துக்கு வெளியே நின்றது. அவ்வருடம் ஜூனில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் தொடங்கியது. எட்டு அணிகளைச் சேர்ப்பதற்காகக் குவைத்தையும் லெபனானையும் விருந்தாளிகளாக அழைத்திருந்தார்கள். இலங்கை இருக்கவில்லை. நம்மைப் பட்டியலிலிருந்து விலக்கியவர்கள் அன்று தாங்களே ஒரு பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார்கள். இதில் மகிழ நமக்கு ஒன்றுமில்லை, ஏனெனில் அந்தத் தேசிய அணியின் சட்டையை ஒரு நாள் போடலாம் என்று நினைத்தவன் நமது ஊரிலும் இருக்கிறான். அவன் செய்த குற்றம் என்ன? கொழும்பில் நடந்த நாற்காலிச் சண்டையில் அவனுக்கு வாக்குமில்லை, வாயுமில்லை.

அந்தத் தடை 2023இலேயே நீங்கியது. இனியும் மீண்டும் லீக் அமைப்பார்கள், மீண்டும் பெயர் மாற்றுவார்கள், புதிய இலச்சினையும் புதிய அனுசரணையாளரும் வருவார்கள். அப்போதாவது உச்சப் பிரிவின் கடைசி ஓரிரு இடங்களைப் பட்டியலுக்கு வெளியே, மைதானத்தில் விட்டுவைக்கவேண்டும். அதை எப்படி நடத்துவது, எத்தனை அணி, எந்த நகரம் என்பதைத் தீர்மானிக்க ஆட்கள் இருக்கிறார்கள்; அதற்காகத்தானே வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குப் போய்வருகிறார்கள்.

அதற்கு முன்னர் இன்னொரு சம்மேளனத் தேர்தல் வராமல் இராது. மாவட்ட லீக்குகளின் வாக்குத் தேவைப்படும்போது கல்முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் நினைவு வரும். ஜேர்சியும் பத்துப் பந்துகளும் ஒரு புகைப்படக்காரரும் வந்து சேருவார்கள். இம்முறை பந்துகளை வாங்கி வைத்துக்கொண்டு, 2021ஆம் ஆண்டின் அந்தப் பட்டியலை யார் எழுதினார் என்று நமது லீக் நிர்வாகிகள் முகத்துக்கு நேரே கேட்கவேண்டும்; பதில் வரும்வரை வாக்கைப் பற்றிப் பேசக்கூடாது.