அது வாடேல்லை, நிமிருது

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கெண்டு யாழ்ப்பாணத்தில் கிளாடியோலஸ் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் படுக்கையாகக் கிடந்தது. குறிகட்டுவானில் ஏறின வள்ளத்திலும் அப்படியே. இரவு அறை மூலையில் வைத்துவிட்டு மறந்துபோனோம். விடிய எடுத்துப் பார்த்தால் தண்டுகளின் நுனியெல்லாம் மேல்நோக்கி வளைந்து நிற்கிறது.

"வாடிப்போச்சு, எறியுங்கோ" எண்டு மாமி சொன்னா. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மச்சாளும் ஓமெண்டு தலையாட்டினாள்.

எனக்கு அவையில் கோபமில்லை. "தண்டு எதிர்ப்புவித்திருப்பம், வேர் நேர்ப்புவித்திருப்பம்" எண்டு மச்சாள் நித்திரையிலும் சொல்லுவாள். அந்த வரி தன் கையில் இருக்கிற பூவைப் பற்றியது எண்டு அவளுக்கு ஒருத்தரும் காட்டேல்லை. கோபம் அந்தப் படிப்பிப்பில்தான்.

வாடின தண்டு தொங்கும், நிமிராது. இது நிமிர்ந்தது. வேரில்லாமல் எப்படி? தண்டு புவியீர்ப்பை அறிகிற இடம் வேரில் இல்லை, தண்டுக்குள்ளேயே நீளத்துக்கு இருக்கிறது. கலன்கட்டுகளைச் சூழ்ந்த அகத்தோல் கலங்களில் பாரமான மாப்பொருள் மணிகள் கிடக்கின்றன. தண்டைப் படுக்கப்போட்டால் அவை புதிய கீழ்ப்பக்கத்துக்கு இறங்கிவிடும். அதைத் தொடர்ந்து ஒட்சின் ஓமோன் தண்டின் கீழ்ப்பாதியில் கூடச் சேரும். கீழ்ப்பக்கக் கலங்கள் மேல்பக்கத்தைவிட நீளும், நுனி மேலே திரும்பும். அகத்தோல் உருவாகாத அரபிடோப்சிஸ் விகாரிகளின் தண்டுகள் இப்படித் திரும்புவதில்லை எண்டு 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூ வியாபாரிகள் கிளாடியோலஸை நிமிர்த்தி வைத்து அனுப்புவதும் இதனால்தான்.

"தீவிலை ஆய்வுகூடம் இல்லை, என்ன செய்யிறது?" எண்டு கேட்பார்கள். 1806இல் தோமஸ் நைட் தன் தோட்டத்து நீரோடையில் ஒரு சில்லைச் சுழலவிட்டு அதில் விதைகளைக் கட்டினார். வேர்கள் வெளிப்பக்கமும் தண்டுகள் நடுவையும் நோக்கி வளர்ந்தன. தாவரம் திரும்புவது இழுக்கிற விசையைப் பார்த்துத்தான் எண்டு ஒரு சில்லும் ஓடைத் தண்ணியும் காட்டின. சார்ள்ஸ் டார்வின் தாவர அசைவுகளைப் பற்றி 1880இல் வெளியிட்ட நூலுக்கான சோதனைகளைச் செய்தது மகன் பிரான்சிசோடு, தன் வீட்டில்.

ஆனால் இதைச் சாட்டாக வைத்து அதிகாரிகள் தப்பவும் ஏலாது. வளைவதைப் பார்க்கக் கண் போதும். அந்த மாப்பொருள் மணியைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேணும், அதைச் சொல்லித்தர ஆசிரியர் வேணும். காத்து எழும்பிக் கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தீவில் தங்கியிருக்க வேணும், தங்க வீடு வேணும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. இதைக் கேட்டவுடனே, "வெட்டினாலும் நிமிர்வோம்" எண்டு கவிதை எழுதத் தொடங்கிவிடும். தீவுப் பிள்ளைகளின் விடாமுயற்சியை மேடையில் புகழ்கிறதும் அந்தக் கூட்டம்தான். கொஞ்சம் பொறுங்கோ. வெட்டின தண்டு தன்னிடம் மிஞ்சிக் கிடக்கிற சீனியைச் செலவழித்துத்தான் நிமிருது. அது முடிய நிமிர்வும் முடிஞ்சுது. நிமிருதே எண்டு கைதட்டுகிறவர் வேரைப் பற்றிக் கேட்கிறதில்லை. ரியூசன் நோட்டும் இந்தக் கவிதையும் செய்கிற வேலை ஒன்றுதான்: ஆயத்தமாக ஒரு வசனத்தைத் தந்து, பொருளைப் பார்க்கவிடாமல் பண்ணுவது.

ஆசிரியர்மாரே, அடுத்த கிழமை ஒரு இளம் கீரைத்தண்டை வெட்டி, வெட்டின பக்கத்தை ஈரத்துணியால் சுத்தி, இருட்டு அலுமாரிக்குள் படுக்கப்போடுங்கோ. வெளிச்சத்தைத் தேடித்தான் வளைஞ்சுது எண்டு பிறகு ஒருத்தரும் சொல்ல ஏலாது. அடுத்த நாள் பிள்ளைகளைக்கொண்டு கதவைத் திறவுங்கோ. அவர்கள் "ஏன்?" எண்டு கேட்ட பிறகு அந்த இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதுங்கோ.